உச்சிக்கு மேல் விட்ட வெள்ளை

ஷெஷியன்
12 அக்டோபர் 1934

மச்சான் டூ போயுவான் அவர்களுக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. மலை ஓவியம் திரும்பி வந்தது. உங்கள் தங்கை ருயிலானின் முதலாம் ஆண்டு நினைவு நாளன்று வீட்டில் மாட்டுவதற்காக வரைந்த படம் அது. அவள் பிறந்த வீட்டு முத்திரை ஒன்றும் படத்தில் இருக்கட்டும் என்றுதான் உங்களுக்கு அனுப்பினேன்; அதற்குக் கீழ் மூலையில் இடமும் விட்டிருந்தேன். நீங்களோ உச்சிக்கு மேலே இருந்த வெள்ளை முழுவதையும் எழுதி நிரப்பியிருக்கிறீர்கள். "இந்த மலையை வரைந்தவன் ஒருநாளும் அதில் ஏறியதில்லை" என்று தொடங்கி, ஓரம்வரை வசவு. வேண்டியவர்கள் படத்தில் நாலு வரி எழுதுவது நம் வழக்கம்தான். செத்தவளின் படத்தில் யாராவது சண்டை போடுவார்களா?

நியே சோங்மிங்


சூச்சோ
29 அக்டோபர் 1934

ஓவியர் நியே சோங்மிங்குக்கு,

என்னை மச்சான் என்று எழுதாதீர்கள். நான் உங்களை மாப்பிள்ளை என்று என்றைக்கும் அழைத்ததில்லை.

எழுதியதில் எது பொய்? கால் சரியில்லை என்று நீங்கள் அடுப்போரம் உட்கார்ந்துகொண்டீர்கள். உங்களுக்குப் பதிலாக அவள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பனிக்காலத்து மலை வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். காய்ச்சலோடு இறங்கி வந்தாள், அதோடு சரி. படத்தைப் பார்க்கிறவன் எல்லாம், "என்னமா வரைஞ்சிருக்கான்யா" என்று உங்களைத்தான் மெச்சுவான். அதனால் எழுதினேன்.

நீங்கள் அனுப்பிய மூங்கில் குருத்து ஊறுகாயை அப்படியே திருப்பியிருக்கிறேன். இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

டூ போயுவான்


ஷெஷியன்
10 நவம்பர் 1934

ஐயா,

அவளை மலைக்கு நான் அனுப்பவில்லை. பனி கொட்டுகிறது, வேண்டாம் என்று கதவை மறித்தேன். "எங்க அண்ணன் மாதிரி நீங்களும் என்னைப் பூட்டி வைக்கப் பாக்குறீங்களா? நகருங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்த அண்ணனுக்கு அவள் எத்தனையோ கடிதம் எழுதினாள். ஒன்றுக்காவது பதில் போட்டீர்களா?

எந்தப் பைன் மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பாறை கறுப்பு என்று அவள் சொல்லச் சொல்ல வரைந்தேன். உச்சியைப் பற்றிக் காய்ச்சலில் படுத்தபடி சொன்னாள். "அங்க ஒண்ணுமே இல்லீங்க. ஒரே வெள்ளை. கத்திப் பாத்தேன், என் குரல்கூடத் திரும்பி வரல. அந்த இடத்துல மட்டும் தூரிகைய வச்சிடாதீங்க, அது என்னோடது."

வைக்கவில்லை. அதில்தான் நீங்கள் எழுதினீர்கள்.

படத்தை மறுபடி அனுப்புகிறேன். ஓவியத்தைப் பட்டில் ஒட்டிச் சீர்செய்வதில் கைதேர்ந்தவர்கள் உங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். எப்படியாவது உங்கள் எழுத்தை எடுத்துவிட்டு, நினைவு நாளுக்குள் அனுப்புங்கள். உங்களிடம் கெஞ்சுவது எனக்குக் கசக்கிறது. இருந்தாலும் கெஞ்சுகிறேன்.

சோங்மிங்


சூச்சோ
2 டிசம்பர் 1934

நியே சோங்மிங்குக்கு,

படத்தை ஓவியம் ஒட்டும் காவோவிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மை தாளுக்குள்ள எறங்கிப்போச்சுங்க. கழுவுனா மலையும் சேந்து கரையும். வெட்டுனாத்தான் உண்டு."

"வெட்டுங்க."

"வானம் இல்லாத மலைய யாருங்க மாட்டுவாங்க?"

"அது மாட்டுறவன் பாடு."

உச்சியை ஒட்டி வெட்டி, சுற்றிலும் புதுப் பட்டு ஒட்டியிருக்கிறார். மலை இத்துடன் வருகிறது. நீங்கள் கேட்டபடி என் எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை.

வெட்டிய துண்டை அனுப்ப மாட்டேன். அது அவளுடையது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் வசவோடு சேர்த்து இங்கே சுவரில் மாட்டியிருக்கிறேன். அவளுடையது என்று சொல்ல எங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை.

இனி எழுத வேண்டாம்.

டூ போயுவான்