முன்கூட்டிச் சொன்ன சாட்சி

உள்ளூர், திருவனந்தபுரம்
3 ஜூன் 2024

மலரின் அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

போனில் பேசினால், நான் விஷயத்துக்கு வருமுன்பே நீங்கள் ஜெபம் பண்ணி ஆமென் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்களிடம் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கோபமாகத்தான் இருப்பீர்கள், இருங்கள். நம் ஜெபமலருக்கு இரத்தப் புற்றுநோய். இங்கே ஆஸ்பத்திரியில் மருந்து தொடங்கியாயிற்று. குணமாக்கலாம், ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது என்கிறார் டாக்டர்.

காலையில் சாலை பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போகிறேன். அந்த நேரம் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா பிந்து சேச்சி இவளையும் பார்த்துக்கொள்கிறார். விசுவாசம் இல்லாமல் ஓடிவந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஜெபித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஜெயஷீலா

மார்த்தாண்டம்
8 ஜூன் 2024

அன்புள்ள ஷீலாவுக்கு,

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. நம் சபையில் மருந்து தொடுவதில்லை என்று உனக்குத் தெரியாதா? ஈஸ்டர் அன்று காய்ச்சல் விட்டதும், எல்லார் முன்னாலும் எழுந்து, மகளைக் கர்த்தர் சுகமாக்கிவிட்டார் என்று சாட்சி சொன்னேன். கேட்டு எத்தனை பேர் அழுதார்கள். இப்போது அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் என் சாட்சி என்ன ஆகும்?

உடனே கூட்டிக்கொண்டு வா. அவளுக்கென்று பலாப்பழம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

வேதமாணிக்கம்

உள்ளூர்
15 ஜூன் 2024

மலரின் அப்பாவுக்கு,

பலாப்பழத்தை நீங்களே சாப்பிடுங்கள். அவளுக்கு வாயெல்லாம் புண், கஞ்சிதான் இறங்குகிறது. முடி கொட்டிவிட்டது. "பேடிக்கண்டா மோளே, இனி சுருண்ட முடி வரும்" என்று பிந்து சேச்சி மலையாளத்தில் பயம் தெளியத் தேற்றினார். அதற்கு அழாதவள் உங்கள் கடிதம் வந்ததும் அழுதாள். "அப்பா வந்தா மருந்த நிறுத்திருவாவளாம்மா?" என்று கேட்கிறாள்.

எனக்கும் பயம்தான். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும்போதும் குழாயில் விழும் சொட்டையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கர்த்தர் இந்த வார்டுக்குள்ளும் இருக்கிறார் என்று நம்பித்தான் அவளைக் கட்டிலில் படுக்கவைக்கிறேன். உங்கள் சாட்சியைக் காப்பாற்ற என் பிள்ளையைத் தரமாட்டேன். மருந்து முடியாமல் ஊருக்கு வரமாட்டேன். அவளைக் கூட்டிப்போகத்தான் வருவீர்களென்றால், நீங்களும் வர வேண்டாம். இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

ஜெயஷீலா

மார்த்தாண்டம்
24 ஜூன் 2024

அன்புள்ள ஷீலாவுக்கு,

உன் கடிதம் வந்தபின் சாப்பாடு இறங்கவில்லை. அவள் என்னைக் கண்டு பயப்படுகிறாள் என்பதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நேற்று சாட்சி நேரத்தில் எழுந்தேன். "ஈஸ்டருக்கு எம் மவளுக்குச் சுகமாச்சுன்னு சொன்னேன். ஆகல்ல. ஆஸ்பத்திரியில மருந்து ஏறுது. எல்லாரும் அவளுக்காக ஜெபிக்கணும்" என்றேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். இனி அங்கே எனக்கு இடம் உண்டோ என்னவோ. நான் செய்தது சரிதானா என்று இன்னமும் குழப்பமாகத்தான் இருக்கிறது. கர்த்தர் நம்மைக் கைவிடமாட்டார், அதில் மட்டும் குழப்பமில்லை.

வியாழக்கிழமை வருகிறேன். மருந்தை நிறுத்த அல்ல என்று மலரிடம் முதலிலேயே சொல்லிவிடு. இந்த நோய்க்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். வெளியே யாரிடமும் கேட்காதே, என்னிடம் எடுக்கச் சொல்.

உன்
வேதமாணிக்கம்