பாஸ்காவன்று திரும்பிய வெக்கை

சேசு மரி சூசை துணை

காக்ஸ் டவுன், பெங்களூர் தண்டு
19-4-1936

அன்புள்ள தங்கை கேத்தரினுக்கு அக்கா பவுலின் எழுதுவது.

ரங்கூனில் நீயும் பெர்னார்டும் பிள்ளைகளும் ஆண்டவர் உயிர்த்த பாஸ்காத் திருநாளை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பீர்கள். இங்கே கொண்டாடியதை நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டுகிறது.

மாசாமாசம் வருவது எனக்கு நின்று ஒரு வருஷமாகிறது. அதிலிருந்து திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை நெருப்பாக ஏறும். ரவிக்கை தொப்பலாக நனைந்து, அப்புறம் உடம்பு வெடவெடக்கும். பூசையிலும் வரும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் வரும். என் வியர்வை நாற்றம் எனக்கே சகிக்கவில்லை.

எங்களோடு இருக்கிற நாத்தனார் டோரதி, இது ரத்தம் கெட்டதால் வந்தது என்று முடிவு கட்டிவிட்டாள். தினமும் காலையில் பிராந்தியில் அடித்த பச்சை முட்டை, மத்தியானம் மிளகு தூக்கலாக எலும்பு சூப். முட்டை தொண்டையில் கோழையாக இறங்கும். உன் அத்தான் ரெமிஜியஸ் பக்கத்தில் நின்று, "மூக்கைப் பிடிச்சிக்கினு குடிச்சிடு" என்பார்.

பாஸ்காவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் வந்ததும் கறி, பிராந்தி, காபி எல்லாவற்றையும் விட்டேன். ஒறுத்தலுக்காகத்தான் விட்டேன். ராகிக் களி, மோர், தெருவில் வரும் சொப்புக்காரியிடம் வாங்கிய கீரை, இவ்வளவுதான் சாப்பாடு. மூன்றாம் வாரம் பார்த்தால், நாளுக்குப் பத்துத் தடவை வந்த வெக்கை இரண்டு மூன்றாகக் குறைந்திருந்தது. தேவ கிருபை என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்காவன்று அத்தானின் ஆபீஸ் சிநேகிதர்கள் ஹெர்பர்ட்டும் ஓஸ்வால்ட்டும் சாப்பிட வந்தார்கள். தபசு முடிந்ததென்று டோரதி விடியற்காலையிலேயே முட்டையைப் புகட்டிவிட்டாள். மத்தியானம் காரமான பன்றிக்கறி, ஒயின், மேலே கொதிக்கக் கொதிக்கக் காபி. பரிமாறும்போது வெக்கை ஏறிவிட்டது. வியர்வை கன்னத்தில் வழிந்தது. உன் அத்தான் அவர்களிடம் சொன்னார்: "இவ உள்ளயே அடுப்பு எரியுதுப்பா, எங்க வூட்ல விறகே வேணாம்." எல்லாரும் சிரித்தார்கள். நெய் வழிகிற உதடுகளோடு, வாயில் கறியை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். டோரதியின் சிரிப்பு அங்கேயும் கேட்டது.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் லேடி டாக்டரிடம் போனேன். இது வியாதியே இல்லை, இந்த வயதில் வருவதுதான் என்றாள். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காதாம். எனக்குப் பிராந்தியும் காரமும் சூடான காபியும்தான் தூண்டிவிடுகின்றன போலிருக்கிறது, விட்டுப்பார், முழுக்க நிற்காவிட்டாலும் தணியும் என்றாள்.

புதன்கிழமை டோரதி டம்ளரை நீட்டினாள். வாங்கி, அவளும் அத்தானும் பார்க்கச் சாக்கடையில் ஊற்றினேன். அன்றிலிருந்து அத்தான் என்னோடு பேசுவதில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். அவர் சோறு மெல்லுகிற சத்தம் கேட்க வேண்டாம் என்பதில் எனக்கு நிம்மதி. கட்டினவரைப் பற்றி இப்படி எழுதுகிறேனே என்றும் இருக்கிறது. ஆனாலும் எழுதினதை அடிக்கவில்லை.

உனக்கும் நாற்பத்துநாலு ஆகிறது. இந்த வெக்கை வந்தால் வெட்கப்படாதே, யார் எதைப் புகட்டினாலும் வாயைத் திறக்காதே.

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. மதராஸிலிருந்து ரங்கூன் கப்பல் எந்தக் கிழமைகளில் புறப்படுகிறது என்று பெர்னார்டைக் கேட்டு எழுது. பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடு. மாதா உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அக்கா,
பவுலின்