மூன்றாம் மாடியில் ஒரு கோப்பி

ஜூன் 6, வெள்ளி

காலையிலிருந்து தூறல். ஹந்தானை மலை தெரியவில்லை. கொடியில் போட்ட சேலைகள் இன்னும் ஈரம்.

செய்ய வேண்டியவை: பிரஷர் மாத்திரை. கண்ணாடிக்குப் புது உறை. கூரை ஒழுக்குக்கு கொத்து வேலைக்கார மேசன் பாஸை மறுபடியும் கூப்பிட வேண்டும். வருகிறேன் என்பார், வரமாட்டார்.

பத்து மணிபோல் மகள் மாலினியின் தொலைபேசி, குண்டசாலையிலிருந்து. ஞாயிறு எல்லாரும் மோலுக்கு, அந்தப் பெரிய கடைத்தொகுதிக்கு, போகிறார்களாம். நானும் வர வேண்டுமாம்.

“எதுக்கு?”

“எதுக்குன்னா? சும்மாதாம்மா. நீங்களும் எந்நேரமும் வீட்டுக்குள்ளயே இருக்கீங்க.”

“எனக்கு வாங்க ஒண்ணும் இல்ல.”

“அங்க யாரும்மா வாங்கப் போறா?”

அதுதான் எனக்கு விளங்கவில்லை. கடைக்குப் போவது, ஆனால் வாங்குவதற்கு அல்ல. துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் இவருக்கு, என் கணவருக்கு, பிடிக்காது. எங்கள் துணிக்கடையில் மின்விசிறியை நிறுத்திவிடுவார். இன்றைக்கு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. வெளிநாட்டுக்காரர்களின் பஸ்கள்கூட தலதா மாளிகை, ஏரி, பிறகு மோல் என்றுதான் நிற்கின்றன.

மகன் ரவியும் கொழும்பிலிருந்து வருகிறானாம். அதைக் கேட்டதும் சரி என்றேன்.

நீலக் கைத்தறிச் சேலையை இஸ்திரி போட்டுவைத்தேன். சரி என்று சொன்ன பிறகு ஏனோ சந்தோஷம். இதை மாலினியிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மாலை. வெளியே மழை. சேலைகூட மாற்றாமல் எழுதுகிறேன்.

மாலினி பி.ப. இரண்டு மணியிலிருந்தே அவசரப்படுத்தினாள். “நாலரைக்கு முந்தி அங்க உக்காரணும்மா.” மேசை பிடிக்கத்தான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் தொடங்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. எனக்கே வரவில்லை!

உள்ளே நல்ல குளிர். நிலம் முகம் பார்க்கலாம் போலத் துடைத்திருக்கிறார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கே பார்த்தாலும் படம் எடுக்கும் பிள்ளைகள். சின்ன ரயில் ஒன்று, உள்ளே குந்தியிருப்பவர்களில் பாதிப்பேர் பெரியவர்கள். மஞ்சள் கொடி தூக்கிய வழிகாட்டிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கூட்டம், நிற்கவா நடக்கவா என்று தெரியாமல்.

நகரும் படிக்கட்டின் அடியில் ஒரு குடும்பம், ஹுன்னஸ்கிரிய மலைப் பக்கமாம். புதுச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. மனைவி படியில் கால் வைக்கவில்லை. 

“சேலைய தூக்கிப் புடிடி, உள்ளுக்கு இழுத்துரும்!”

“நீங்க முதல்ல போங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் வீட்டுல போயி சொல்றேன்.”

சிரித்துவிட்டேன். அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல நாள் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

மூன்றாம் மாடியில், கைப்பிடி ஓரமாக ஒரு கோப்பிக் கடை. என்னை உட்காரவைத்து, கோப்பியும் கேக் துண்டும் வாங்கி வைத்தாள் மாலினி.

“ரவி காலுக்குச் சப்பாத்து பாக்கணும். உங்களுக்கு அலைய ஏலாது. இங்கயே இருங்க, வந்துர்றோம்.”

அலைய ஏலாதா? தினமும் விடியற்காலை ஏரியைச் சுற்றி வருகிறவள் நான். ஆனால் பொது இடத்தில் பிள்ளைகளோடு வாக்குவாதம் செய்வதில்லை. அது கொன்வென்ட்டில் படித்தது. 

பக்கத்து மேசையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண், கால் வலிக்கிறதென்று செருப்பைக் கழற்றிவிட்டு.

“நீங்க எந்த ஊருங்க?”

“கண்டி.”

“இல்ல, பூர்வீகம்?”

“கண்டி.”

அதற்குமேல் கேட்கவில்லை. ஏசி நல்லா இருக்கு என்றாள். ஆமாம் என்றேன். 

பிறகு கீழே எட்டிப் பார்த்தேன்.

தரைத் தளத்தில், நடு வெளியில், மேசைகள். அதில் ஒன்றில் என் மகன். மாலினி. மருமகன். எதிரே தெரியாத குடும்பம் ஒன்று. நடுவில் தரகர் சுப்பையா, அந்தக் கறுப்புப் பையோடு. என் வீட்டுக்கு வந்து என் கையால் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போன மனிதர்.

வெற்றிலைத் தட்டு இல்லை, பூ இல்லை. என்றாலும் பெண் பார்க்கும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியாதா? ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நம்மவர்கள். யாரும் கோப்பையைத் தொடவில்லை. தரகர் மட்டும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது வீட்டில் பார்ப்பதில்லை, மோலில்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சரிவராவிட்டால் தற்செயலாகச் சந்தித்தோம் என்று எழுந்து போய்விடலாமாம். அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. 

மாப்பிள்ளையின் தாய்க்கும் தெரியாது.

பெண்: பச்சைப் பருத்திச் சேலை. முதுகு நேராக. ரவி ஏதோ சொல்ல, வாயைப் பொத்தாமல் சிரித்தாள். எனக்குப் பிடித்தது. அதுதான் இன்னும் வேதனை.

ஒரு தடவை ரவி அண்ணாந்து பார்த்தான். என்னைக் கண்டான். கண்டது நிச்சயம். எழுந்து, கதிரையை நகர்த்தி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

கோப்பி ஆறிவிட்டது. குடிக்கவில்லை.

சப்பாத்துப் பெட்டியோடு வந்தார்கள். உண்மையாகவே வாங்கியிருந்தார்கள்.

வான் வண்டியில் ஏறியதும் கேட்டேன்: “அளவு சரியா?”

“சரிம்மா,” என்றான் ரவி. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அவன் கொழும்புக்குப் போய்விட்டான். கட்டிவைத்த சோற்றை எடுக்க மறந்துவிட்டான். 

ஜூன் 9, திங்கள்

மழை இல்லை. சேலைகள் காய்ந்தன.

மாலினி பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தாள். வாசலிலேயே கேட்டேன்.

“நேத்து கீழ உக்காந்திருந்த பொண்ணு யாரு?”

பையைக் கீழே வைக்காமல் நின்றாள். “பாத்தீங்களா?”

“கண்ணாடி போட்டிருந்தேன்.”

பெயர் தாரிணி. மாத்தளை. கணித ஆசிரியை. நல்ல குடும்பம்.

“என்னைய ஏன் மேல இருத்தினீங்க?”

அழுதுவிட்டாள். “அவங்க பழைய ஆக்கள்மா. அவங்கதான் கேட்டாங்க. மொதப் பார்வைக்கு சுமங்கலிங்க மட்டும் வந்தா நல்லம்னு. நாங்க என்ன செய்ய? உங்களுக்கு நோகும்னுதான் சொல்லல. முழங்கால் வருத்தம், அம்மாவால வர ஏலாதுன்னு சொல்லிட்டோம்.”

“எனக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்ல.”

“தெரியும்மா.”

“அப்ப வீட்டுலயே விட்டிருக்கலாமே.”

“ரவியும் வந்துட்டு உங்களப் பாக்காமப் போனா சந்தேகப்படுவீங்கன்னு...”

ஆக, வெளியே கூட்டிப்போனது என்னை ஏமாற்ற. மாறுதலுக்கு அல்ல.

இவர் போனபோது, பொட்டை எடு, நிறச் சேலை கட்டாதே என்று இவருடைய தங்கைமார் கூடத்தில் நின்று கத்தினார்கள். நான் எடுக்கவில்லை. அன்றைக்கு எனக்கு முன்னால் நின்று, “எங்க அம்மாவ யாரும் தொடக் கூடாது” என்றவள் இந்த மாலினி. அதே வாய். 

தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். சீனி போட்டேனா என்று நினைவில்லை.

ஜூன் 10, செவ்வாய். பௌர்ணமி, போயா

தெருவில் இலவசச் சாப்பாட்டுத் தன்சல், ஒலிபெருக்கி. பக்கத்து வீட்டு நோனா பாற்சோறு அனுப்பினார். நல்ல பதம்.

நாள் முழுதும் மாத்தளைக்காரர்களோடு மனதுக்குள் சண்டை. விதவையின் கண் பட்டால் கெட்டுப்போகும் கல்யாணம் என்ன கல்யாணம்? உங்கள் வீட்டு மாப்பிள்ளையைப் பெற்றது யார்? இப்படி. நன்றாகவே பேசினேன், எதிரே ஆள் இல்லாததால்.

மாலையில் கோபம் கொஞ்சம் இறங்கியது, பிள்ளைகள் மேல் மட்டும். ரவிக்கு நாற்பது ஆகப் போகிறது. முன்பு பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போயின. மாத்தளைக்காரர்கள் கேட்டதற்கு ஆம் என்று சொல்லியிருப்பார்கள். பயம். நடுவில் அகப்பட்டவர்கள்.

அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

மாத்திரை வாங்கியாயிற்று. உறை கிடைக்கவில்லை.

பதினொரு மணிக்குத் தொலைபேசி. தெரியாத இலக்கம்.

“சம்பந்தி அம்மாங்களா? இப்பவே அப்பிடிக் கூப்புடலாமான்னு தெரியல. நான் மாத்தளையிலருந்து, தாரிணியோட அம்மா.”

செவ்வாய்க்கிழமை தயாரித்த வாக்கியங்கள் எல்லாம் நாக்கு நுனியில். 

“முழங்கால் எப்பிடிங்க? இங்க ஒருத்தர்கிட்ட நல்ல எண்ணெய் இருக்கு, குடுத்து விடவா? அன்னைக்கு எனக்குப் பெரிய கவலையாப் போச்சு. நான் முக்கியமா வந்ததே உங்களப் பாக்கத்தான். மாப்பிள்ளைய போட்டோவுல பாத்தாச்சு. மாமியாரத்தானே நேர்ல பாக்கணும்.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நேராகவே கேட்டேன்.

“விதவை வர வேணாம்னு நீங்க சொன்னதா கேள்வி.”

“ஐயோ! யாருங்க சொன்னா? எங்க வீட்டுக்காரரோட அக்காவும் தாலி அறுத்தவங்கதான். அவங்கதான் தாரிணிக்குச் சேலை கட்டிவிட்டாங்க. அன்னைக்கு எனக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்களே... ஆ, நீங்கதான் வரலியே.”

“வந்திருந்தேன்.”

“என்னங்க?”

“அதே எடத்துலதான். மூணாம் மாடியில. கோப்பி வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிருந்தாங்க.”

அந்தப் பக்கம் எங்கோ சேவல் கூவியது.

பிறகு, மெதுவாக: “அப்ப அந்த ரவை கேக்கு கெடக்கலியா? உங்களுக்குன்னு மாலினி கையில குடுத்தேன். நீங்க முட்ட சாப்புட மாட்டீங்கன்னு தரகர் சொன்னாரு, முட்ட போடாமதான் செஞ்சேன்.”

நான் முட்டை சாப்பிடுவேன். ஆனால் இப்போது அதுவா விஷயம்? கேக்கைக் கொடுத்தால் கேள்வி வரும் என்று குண்டசாலையில் மாலினி வீட்டில் வைத்துத் தின்றிருக்கிறார்கள்.

“கெடக்கல,” என்றேன்.

“ஞாயித்துக்கெழம இங்க வாங்க,” என்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “நீங்க மட்டும் வாங்க. பெத்த தாயவே இப்பிடின்னா, நாளைக்கு எம் பொண்ண எப்பிடின்னு நான் உங்ககிட்டத்தான் கேக்கணும். நீங்க சொல்றதுதான் முடிவு.”

வருகிறேன் என்றேன்.

போனை வைத்த பிறகும் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கால் வலித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஜூன் 14, சனி

வெயில். கூரையில் மேசன் பாஸ்! நேற்றே வந்திருக்க வேண்டியவர். ஒழுக்கு அடைத்தாகிவிட்டது என்கிறார். மழை வந்தால் தெரியும்.

மாலினி தொலைபேசியில் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஆனால் எப்படியோ செய்தி போயிருக்கிறது. மத்தியானம் ரவி வந்து நின்றான், சொல்லாமல். அந்தப் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு.

“அவங்க என்னம்மா சொன்னாங்க?”

“கேக் கெடச்சதான்னு கேட்டாங்க.”

தலையைக் குனிந்தான். கோப்பை கழுவிக்கொண்டே கேட்டேன், திரும்பாமல்.

“யாரு முதல்ல சொன்னது? அக்காவா?”

“இல்லம்மா. அக்கா வேணாம்னுதான் சொன்னா. சண்ட போட்டா.” குழாயை மூடினேன். “நான்தான்.”

பொய்யையும் அழுகையையும் தன் மேல் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள் மாலினி, தம்பிக்காக.

“நீ எஞ்சினியர், ரவி.”

“நான் அதெல்லாம் நம்புறதில்லம்மா. ஆனா ரெண்டு எடத்துக்கும் நீங்கதான் முன்னுக்குப் போனீங்க. ரெண்டும் தட்டிப் போச்சு. தரகரும் ஒரு மாதிரி சொன்னாரு. இந்தத் தடவையாச்சும்னு...”

கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன்.

கூரையில் பாஸ் ஓடுகளைத் தட்டும் சத்தம்.

மேசையில் சோறு வைத்தேன். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பப்படம். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். பிசைந்தான், வாயில் வைக்கவில்லை.

“நாளைக்கு அங்க போயி என்னம்மா சொல்லப் போறீங்க?”

“சோறு ஆறுது,” என்றேன். “சாப்பிடு.”