அஸ்தி ஊர்ச் சிவப்பு வைன்

ஹம், ஜெர்மனி,
டிசம்பர் 28

அன்பு மகள் லவினியாவுக்கு,

மாதாவின் தயவால் நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் வீம்பு எங்கள் இரண்டு பேரையும் விட நல்ல சுகம், நீயும் மத்தேயோவும் அங்கே தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் உன்னோடு கதைக்கத் தொடங்கினால் அப்பாவுக்கு உடனே குசினிக்குள் ஏதாவது தேட வேண்டி வந்துவிடும், தேடுவது என்னவென்று அவருக்கே தெரியாது, உன் குரல் நிற்கும் வரை தேடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த முறை பாலன் பிறந்த நத்தார் விருந்துக்குச் சிறீதரன் அண்ணையையும் அவருடைய மனைவியையும் கூப்பிட்டிருந்தோம், அப்பாவோடு ஒன்றாகத் தொழிற்சாலையில் வேலை செய்து, ஒன்றாகப் பென்சன் எடுத்து, இப்போது ஒன்றாக இருந்து உலகத்தைத் திருத்துகிறாரே, அவர்தான். நான் ஆட்டிறைச்சிக் கறிக்குத் தூள் வறுத்துக்கொண்டிருக்க, அப்பா வந்து மேசைக்கு ஒரு இத்தாலிச் சிவப்பு வைன் வேண்டும் என்றார். பூசையில் சுவாமி உயர்த்திப் பிடிக்கும் வைனைத் தவிர வேறு வைனை ஏறெடுத்தும் பார்க்காத மனிதர். நீ மத்தேயோவைக் கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த வீட்டில் இத்தாலி என்ற சொல்லே ஆகாது, பீட்சாவைக்கூட நான் அந்த ரொட்டி என்றுதான் சொல்லி வந்தேன். வறுத்த தூள் கருகிப் போச்சு, வேறு வறுத்தேன்.

உன் கல்யாணத்துக்கு வர விடாமல் அவரைக் கட்டிலில் போட்ட அதே முழங்காலோடு அன்று மூன்று கடை ஏறி இறங்கினார், ஆண்டவர் எப்படியெல்லாம் புதுமை செய்கிறார் பார். முதல் கடையில் போத்தல் எல்லாம் பெரிய ஆட்கள் வாங்குகிறது என்றார், இரண்டாவதில் எல்லாம் சின்னப் பிள்ளைகள் குடிக்கிறது என்றார். மூன்றாவது வைனுக்கென்றே இருக்கும் கடை, லாரா என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெட்டை வந்து என்ன சாப்பாடு என்று கேட்டாள், உறைப்பான ஆட்டுக் கறி என்று நான் சொன்னதும் பாவம், ஒரு நிமிடம் யோசித்தாள். துவர்ப்புக் கூடின வைனோடு மிளகாய் சேர்ந்தால் வாய் எரியும், கசக்கும், ஆகவே பரோலோ மாதிரிப் பெரிய பெயர்களை விடுங்கோ என்று நல்ல மாதிரி விளங்கப்படுத்தினாள். அப்பா கேட்டால்தானே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டொக்டர் தந்த றிப்போர்ட்டை வாசிக்கிறது போல ஒவ்வொரு போத்தலாக எடுத்து வாசித்தார், வைத்தார். என்னப்பா, உங்களுக்கு உது விளங்குதோ என்று கேட்டேன். "நீ பேசாமல் நில்லு" என்றார். கடைசியில் கீழ்த்தட்டில் இருந்து ஒன்றை எடுத்து, அதில் ஒரு சொல்லைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றார். எட்டிப் பார்த்தேன். அஸ்தி.

உன் புகுந்த ஊர், மகள். ஊருக்கு வைக்க வேறு பெயர் கிடைக்கவில்லையோ என்று உன் கல்யாணக் கார்ட் வந்த அன்றே நினைத்தவள் நான், நத்தார் விருந்துக்கு அஸ்தி வாங்கிய முதல் கத்தோலிக்கர் உன் அப்பாவாகத்தான் இருப்பார். மூன்று கடையிலும் மனிதர் வைன் தேடவில்லை, அந்த ஒரு சொல்லைத்தான் தேடியிருக்கிறார். இது பார்பெரா என்ற திராட்சை, துவர்ப்புக் குறைவு, கொஞ்சம் புளிப்பு, உங்கள் கறிக்கு நல்லாய்ப் பொருந்தும், சாடையாகக் குளிரவிட்டுக் குடியுங்கோ என்று லாரா சொன்னாள். அப்பா தலையை ஆட்டின விதத்தைப் பார்த்தால் அவளுக்குப் படிப்பித்ததே தான்தான் என்று நினைப்பாய்.

விருந்தன்று பார்த்தால் வீட்டில் தக்கை திறக்கிற சாமான் இல்லை, அதை வாங்க அந்த மகா மேதைக்கு ஞாபகம் வரவில்லை. ஒரு திருகாணியை முறுக்கிக் குறட்டால் இழுத்தார், பாதித் தக்கை வெளியே, பாதி உள்ளே. தேத்தண்ணி வடியால் வடித்து ஊற்றினோம், உன் மாமியாருக்கு இதைச் சொல்லிவிடாதே. சிறீதரன் அண்ணை கிளாசைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அப்பாவிடம், "என்ன ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை, விஸ்கி எங்கை? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடினவன்ர ஊர்த் தண்ணியோ இப்ப குடிக்கிறியள்?" என்றார். அவருடைய மனைவி அவரைக் காலால் இடித்தது எனக்கே தெரிந்தது. இரண்டு வருடமாக இப்படிப்பட்ட கதைக்கெல்லாம் அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்ததுதான் வழக்கம், அன்றும் குனிவார் என்று நினைத்தேன். அவர் வடியைக் கீழே வைத்தார். "ஒருத்தரும் கூட்டிக்கொண்டு ஓடேல்லை, சிறீதரன். என்ர பிள்ளை விரும்பிக் கட்டினவள். மத்தேயோ என்ர மருமகன். அவன்ர ஊர்ச் சாமான் இது. விருப்பமெண்டால் குடியும், இல்லாட்டிப் பைப்பிலை தண்ணி வருகுது" என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போனேன், கறி மேசையில் இருந்தது, அடுப்பில் ஒன்றுமே இல்லை. திரும்பி வந்தபோது சிறீதரன் அண்ணை மன்னிக்க வேணும் அண்ணை என்று சொல்லிக் கிளாசை நீட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரே இன்னும் ஒரு தரம் நீட்டினார், கறியோடு நல்லாய்த்தான் இருக்கிறது என்று அவருடைய மனைவியும் சொன்னா. நானும் ஒரு மிடறு குடித்தேன், புளிப்பும் உறைப்புமாக நன்றாகவே இருந்தது, ஆனால் அதை அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த மாதம் திராட்சைத் தோட்டம் வாங்கப் போகிறேன் என்பார்.

நீ இதைப் பெரிதாக எடுத்து உடனே போன் எடுத்து அழாதே, அழுதால் மனிதர் நத்தை மாதிரித் திரும்ப உள்ளே போய்விடுவார். ஒன்றும் தெரியாதது போல எடுத்து, அம்மா இல்லையென்றால் பரவாயில்லை அப்பா, உங்களோடுதான் கதைக்க வேணும் என்று சொல்லு. தலைக்கு எண்ணெய் வை, ஞாயிறு பூசையை விடாதே. அந்தோனியார் உங்கள் இரண்டு பேரையும் கைவிடாமல் காக்கட்டும்.

இப்படிக்கு உன் மேல் உயிரான
அம்மா, வெரோனிக்கா

இவ்வளவு நேரமும் ஆருக்கு எழுதுகிறாய் என்று கேட்டுப் பேனையைப் பறித்துவிட்டார், கீழே இருப்பது அவருடைய கையெழுத்து:

பிள்ளை, ஈஸ்டருக்கு இரண்டு பேரும் வாங்கோ. ஸ்டேசனுக்கு நான் வாறன். அப்பா.