பிரிண்டருக்குத் திறந்த கதவு

அன்பு மகள் வோல்டேஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பிரிண்டரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், குளிரில் ஒழுங்காகக் காதை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது யாராவது கடிதம் எழுதுவார்களா என்று சிரிப்பாய், நன்றாகச் சிரி. போனில் இதைச் சொல்ல வழியில்லை. நீ கூப்பிட்டால் போதும், அப்பா எங்கிருந்தாலும் வந்து என் தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார், ஸ்பீக்கரில் போடு என்று கையைக் காட்டுகிறார், நீ சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார், சரி முகத்தைக் காட்டுங்கள் என்று வீடியோவைத் திருப்பினால் மட்டும் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார். ஆபரேஷனில் தொண்டையிலிருந்து குரலை எடுத்த டாக்டர், காதை இரண்டு மடங்காக்கி அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல எனக்குப் பேனாதான் கதி. மாப்பிள்ளையின் நண்பர் நாளை அங்கே திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

முதலில் என் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், நீயாகப் பாராட்டுவாய் என்று காத்திருந்தால் எனக்கு வயதுதான் ஏறும். அந்த கேமராவை நீ பார்சலில் அனுப்பியபோது அப்பா சிலேட்டில் என்ன எழுதினார் என்று உன்னிடம் சொல்லவில்லை. "நான் என்ன நகைக்கடையா?" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். நான்தான், அவள் ஆசைப்படுகிறாள், வீடியோவுக்கும் வரமாட்டேன் கேமராவும் ஆகாது என்றால் பெற்ற பெண் உங்களை எங்கே போய்ப் பார்ப்பாள் என்று சண்டை போட்டு ஷெல்ஃப் மேல் வைத்தேன். நம் வீட்டுப் படம் யாரோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சுற்றிவரக் கூடாது, நேராக நம் வீட்டிலிருந்து உன்னிடம் வர வேண்டும் என்று நீ சட்டம் போட்டாய். அதற்காக என்னை அந்த ரௌட்டருக்குள் இறக்கிவிட்டாய். அதைப் பொருத்த வந்த நெட்காரர் போகும்போது "அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கம் மட்டும் போயிடாதீங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனவர். நான் அதன் அடிவயிற்றில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அந்த எண்ணை அடித்து, பாஸ்வேர்டைப் போட்டு, நேராக அந்தப் பக்கத்துக்கே போனேன். விவரம் தெரிந்தவர்கள் மட்டும் மாற்றவும் என்று மஞ்சளாக ஓர் எச்சரிக்கை வந்தது. யாரிடம் சொல்கிறாய் என்று தாண்டிப் போனேன். போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர்தான் பெரிதாக இருக்கிறதே ஒழிய விஷயம் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வருகிறவளுக்கு எண் போட்ட ஒரு கதவு, அதன் வழியாக யாராவது வந்தால் உள்ளே எந்தச் சாமானிடம் அனுப்ப வேண்டும் என்று ரௌட்டருக்கு எழுதிவைப்பது, அவ்வளவுதானே? வெளிக்கதவு எண், உள்கதவு எண், கேமராவின் எண் என்று நீ சொல்லச் சொல்ல, ரவிக்கைக்கு அளவு எடுப்பதுபோல் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் பார்த்துத்தான் போட்டேன். கேமராவுக்கு ஒரு புதுப் பாஸ்வேர்டும் வைத்தேன். அன்றைக்கே நீ அங்கிருந்து ஹாலைப் பார்த்துவிட்டாய். என்ன பார்த்தாய்? ஒரு நாற்காலியின் முதுகையும் அதில் அப்பாவின் முதுகையும். அதுவே போதும்மா என்றாய், உன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது.

அடுத்த நாள் செக்கப்புக்காக நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். உனக்கு வோல்டேஜ் என்று செல்லப்பெயர் வைத்த உன் அப்பா ஐஸ் ஃபாக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்து ரிடையர் ஆனாலும் அந்த வேலை அவர் விரல்களிலிருந்து ரிடையர் ஆகவில்லையே, ஃப்ரிட்ஜைத் தவிர ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்து, அணைத்ததை ஒரு தரம் தடவிப் பார்த்து, அதன் பிறகுதான் வாசல் தாண்டுவார். ரௌட்டரையும் அணைத்தார். திரும்பி வந்து எல்லாவற்றையும் போட்டபோது கேமராவுக்கு முன்னால் பிரிண்டர் முந்திக்கொண்டு எழுந்து, கேமராவின் எண்ணை வாங்கிக்கொண்டது. இரண்டுக்கும் உள்கதவு எண் ஒன்றுதானாம், நீயே பிறகு சொன்னாய். மேல் பொத்தானைத் தப்பான துளையில் போட்டால் சட்டை முழுவதும் கோணிக்கொள்ளுமே, அதே கதைதான். பாவம் நீ, அப்பாவைப் பார்க்கலாம் என்று ஆசையாகத் திறந்தால் கருப்பு மை குறைவாக இருக்கிறது என்று பிரிண்டர் உன்னிடம் குறை சொல்லியிருக்கிறது. ஊர் உலகத்து ஆபீஸுக்கெல்லாம் நெட்வொர்க்கில் பூட்டுப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள், எனக்கு அத்தனையும் சொல்லிக்கொடுத்தவள், கேமராவுக்கு என்று ஓர் எண்ணை நிரந்தரமாகக் கட்டிவைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மறந்தாய். இதை நான் சும்மா விடுவேனா, உன் பேரப்பிள்ளைகளிடமும் சொல்லுவேன்.

பிரிண்டர் நம்முடையதுதானா என்று பார்க்க நீ அங்கிருந்து டெஸ்ட் பேஜை அழுத்தினாய். இங்கே டீ நேரம். அப்பா டம்ளரும் கையுமாக நிற்கிறார், யாரும் தொடாமல் பிரிண்டர் உறுமிக்கொண்டு கலர் கலராகக் கட்டம் போட்ட ஒரு தாளைத் துப்புகிறது. டம்ளரை வைத்துவிட்டு முதலில் ஸ்விட்சை அணைக்கப் போனார், வேறு எங்கே போவார். அதற்குள் நீ போனில் விழுந்து விழுந்து சிரித்து, நான்தாம்மா அழுத்தினேன் என்றாய், ஸ்பீக்கரில் அவரும் கேட்டார். ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு விளையாட்டாக இன்னொன்று அனுப்பினாய், அதற்கு மறுநாளும் ஒன்று. ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்மா என்றாய், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேலை இருக்கிறது என்றாய். ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவள் சொந்த வீட்டுக் கதவை மட்டும் ஏன் திறந்தே வைத்திருந்தாய் என்று எனக்குப் புரியாது என்று நினைத்தாயா? உன்னைப் பெற்றவள் நான்.

ஆனால் உனக்குத் தெரியாதது இங்கே நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் நாளிலிருந்து அப்பா டீயை பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் குடிக்கிறார். தாள் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் சரியா நீலம் சரியா என்று ஃபாக்டரியில் மோட்டாரைப் பரிசோதிக்கிற தோரணையில் பார்க்கிறார், பார்த்துவிட்டு மடிக்காமல் மேஜையில் அடுக்குகிறார். சிலேட்டை ஓரம் கட்டியாயிற்று. பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறது என்று அதன்மேல் அவருக்கு முதல் நாளிலிருந்தே வெறுப்பு. இப்போது உன் தாள்களின் பின்பக்கத்தில்தான் என்னோடு பேச்சு, சண்டை எல்லாம். சூப்பில் உப்பு இல்லை என்பதற்கு ஒரு முழுத் தாள் கேட்கிறது அவருக்கு. போன வாரம் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது வழக்கம்போல் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, தடவிப் பார்த்து, பூட்டிவிட்டு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ரௌட்டரிலும் பிரிண்டரிலும் பச்சை விளக்கு எரிகிறது. ஏங்க, மறந்துட்டீங்களா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஸ்விட்சை மறக்கிற ஆளா அவர்? என் பிறந்தநாளை மறப்பார், ஸ்விட்சை மறக்கமாட்டார்.

நடுவில் ஒருநாள் நீ அனுப்பவில்லை. உனக்கு ஞாபகம்கூட இருக்காது. டீ ஆறிப்போயிற்று, அவர் குடிக்கவில்லை. பிரிண்டரைத் திறந்து பார்த்தார், தாளை எடுத்துத் தட்டிச் சமமாக்கி வைத்தார், ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார், ரௌட்டரைத் துணியால் துடைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்து "அவளுக்கு உடம்பு சரியில்லையான்னு கேளு" என்று எழுதி என் மெஷின் ஊசிக்கு அடியில் நீட்டினார், நான் தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையோடு சேர்த்து அதையும் தைத்திருப்பேன். அன்றைக்கு நான் கூப்பிட்டபோது, என்னம்மா திடீர்னு, விடியற்காலையிலேயே மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சலித்துக்கொண்டாயே, அந்தச் சலிப்பைக் கேட்ட பிறகுதான் அவர் ஆறின டீயைக் குடித்தார். எனக்கு அழுகையாக வந்தது. குரல் போன நாளிலிருந்து அவர் உனக்குப் பயப்படுகிறார் கண்ணு. கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிற அப்பாவை நீ பார்த்துவிடக் கூடாது என்கிற பயம்தான், வேறொன்றும் இல்லை. தாளுக்கு முகம் காட்ட வேண்டியதில்லை பார், அதனால் தாளோடு சிநேகமாகிவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை நீயே உன்னைத் திட்டிக்கொண்டு, பிரிண்டருக்குப் பாஸ்வேர்ட் கிடையாது, திறந்த கதவில் யார் வேண்டுமானாலும் நுழையலாம், இன்றைக்கே மூடிவிடு என்று சொன்னாய். கேமராவின் எண்ணை எங்கே கட்டிவைப்பது என்றும் சொன்னாய். நான் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார். தடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன், தடுக்கவில்லை. கேமராவுக்கு ஓர் எண்ணைக் கட்டினேன், பிரிண்டருக்குப் போன வழியை மாற்றிக் கேமராவுக்கே விட்டேன், சேவ் என்று அழுத்தினேன். அப்பா மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினார். "சரியாயிடுச்சுன்னு சொல்லாதே. ஞாயித்துக்கிழமை டீ நேரத்துக்கு அவளே திறப்பா." அதனால்தான் அன்றைக்கு உன்னிடம் பிரிண்டரை மூடிவிட்டேன், கேமராவைப் பிறகு பார்க்கலாம் என்று பொய் சொன்னேன். அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டேனே தவிர எனக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. நீ எதற்காகத் திறப்பாய், கேமரா ரிப்பேர் என்றல்லவா நினைத்திருக்கிறாய்? அவர்பாட்டுக்குக் காத்துக்கொண்டு உட்காருவார். நீ பார்த்தாயா இல்லையா என்று அவருக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் தாள் வராததற்கே அந்தப் பாடு.

வெளியிலிருந்து திறக்கிறதா என்று வீட்டு வைஃபையில் பார்த்தால் தெரியாது, மொபைலில் வைஃபையை அணைத்துவிட்டுத் தெருவில் நின்று பார் என்று நீ சொல்லிக்கொடுத்திருந்தாய். அதன்படி நேற்று நூல் வாங்கப் போகிற சாக்கில் கடை வாசலில் நின்று திறந்தேன். திறந்துவிட்டதடி. நம் ஹால் கண்ணாடிபோலத் தெரிகிறது. நாற்காலி கேமராவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அப்பா சவரம் செய்து, உன் கல்யாணத்துக்குத் தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்திருக்கிறார், கழுத்துத் துணியைக் காலருக்குள் தள்ளிவிட்டு ஒத்திகை பார்க்கிறார். உன் டெஸ்ட் பேஜ் ஒன்றின் பின்பக்கத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கிறார், சரிவரவில்லை என்று கொஞ்சம் மேலே தூக்குகிறார், கண்ணாடியைக் கழற்றுகிறார், மறுபடியும் மாட்டுகிறார். பட்டை மார்க்கரில் பெரிய எழுத்து. குரல் இருந்த நாளில் ஒவ்வொரு தரம் போனை வாங்கும்போதும் உன்னிடம் முதலில் அதைத்தான் கேட்பாரே, இங்கே கரண்டே போகாதுப்பா, எத்தனை தரம் சொல்றது என்று நீயும் கத்துவாயே, அதே கேள்விதான். "வோல்டேஜ், கரண்ட் இருக்கா?" நூல் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன். வரும்போது சட்டையை மாற்றிக்கொண்டு பேப்பர் படிக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார், நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சூப்பை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் டீ நேரம் உனக்கு விடியற்காலை, அலாரம் வைத்துக்கொள், மாப்பிள்ளையையும் எழுப்பு. திறந்து பார்த்ததும் உடனே போன் செய். டெஸ்ட் பேஜ் அனுப்ப முடியாது, கதவை மூடிவிட்டேன். நான் சொல்லித்தான் திறந்தாய் என்று காட்டிக்கொள்ளாதே, அழுதும் வைக்காதே, அவர் காதைப் பற்றித்தான் மேலே எழுதியிருக்கிறேன். நண்பர் வரும்போது நீ கொடுத்தனுப்பிய மாப்பிள்ளையின் இரண்டு பேண்ட்டையும் இடுப்பில் பிரித்துப் பெரிதாக்கித் தைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். அவராகவே மெலிந்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளட்டும், நீ வாயைத் திறக்காதே. இரண்டு பேரும் நிறைந்த ஆயுளோடு, ஒருவரையொருவர் இதைவிட அதிகமாகக் கேலி செய்துகொண்டு நன்றாக இருங்கள். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்பீக்கரில் போடுவேன், கத்தாமல் சொல். இருக்குப்பா என்று ஒரு வார்த்தை போதும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா