வெள்ளிமலை பஸ் நின்ற வளைவு

கள்ளக்குறிச்சி
ஐப்பசி 25

அன்பு மகள் செவ்வந்திக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் மாடு கன்றும் சுகம். டேராடூன் குளிரில் நீயும் மருமகனும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அந்த மாரியாத்தா துணையிருப்பாள்.

எங்கே போனாலும் எந்த இடத்தில் நின்றால் மலை நன்றாகத் தெரியும் என்று தேடித் தேடிப் பார்க்கிறாய் என்று மருமகன் கேலி செய்கிறாராமே, செய்யட்டும், நீ பார். கொல்லையில் நின்றால் தெரிகிற கல்வராயன் மலைக்கு ஒரு தரமாவது போனீர்களா என்று கேட்டிருந்தாயே, அது எனக்குச் சுருக்கென்றது. மலையை இங்கிருந்து பார்த்தால் பத்தாதா என்று முணுமுணுத்த அப்பாவைக் கிளப்பி, புளிச்சோறு கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினோம். ஏறிப் பார்த்தால் முன் சீட்டில் உன் ஆதிமூலம் சித்தப்பா, மலையில் சாமை வாங்கப் போகிறார். கிணற்றுத் தண்ணீர் சண்டையில் அண்ணன் தம்பி பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். அவர் முகத்தில் விழிக்கக் கூடாதென்றே அப்பா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஜன்னலை அவர் அடைத்துக்கொண்டதில் எனக்குத்தான் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

பாதி மலையில் ஒரு வளைவில் இன்ஜின் சூடாகி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் ஊற்றும் வரை எல்லோரும் இறங்கி ஓரத்துப் பாறையில் நின்றோம். அடியம்மா, கீழே கோமுகி அணை வெயிலில் மின்னுகிறது, கரும்பும் நெல்லுமாகக் கண்ணுக்கு எட்டின மட்டும் பச்சை. அப்பா எனக்குக் கை நீட்டி ஒரு ஏரியைக் காட்டி, அதுதான் நம்ம ஊர் ஏரி என்றார். பின்னாலிருந்து சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“அது நம்ம ஏரி இல்லண்ணா. நம்மளுது பனமரத்துக்கு இந்தாண்ட கீது.”

அப்பா திரும்பாமலே சொன்னார், “நான் ஏர் ஓட்டிக்கினு இருந்தப்ப நீ தூளியில கெடந்தவன். எனக்குக் காட்றியா?”

அவ்வளவுதான். ஆரன் அடித்த பிறகும் இரண்டு பேரும் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள், கண்டக்டர் வந்து ஏற்றினார். ஏறியவர்கள் ஒரே சீட்டில் உட்கார்ந்து அதே வழக்குதான். ஜன்னல் எனக்குக் கிடைத்தது, மேகம் ரோட்டுக்கு இறங்கி வந்ததை ஆசை தீரப் பார்த்தேன். வழக்கு முடியாமல் பெரியார் அருவியில் எங்களோடே இறங்கிவிட்ட சித்தப்பா, சோற்றைப் பிரித்ததும் தானே இலையை நீட்டி, இன்னும் கொஞ்சம் வையுங்கள் அண்ணி என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சாரலில் முகம் கழுவுவதுபோல் போய்த் துடைத்துக்கொண்டேன்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலை ஓரத்தில் நிற்காதே, காதை மூடித் துணி கட்டு. மருமகனுக்கு எங்கள் ஆசீர்வாதம், மூவரும் நிறைந்து வாழுங்கள். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று எழுது. இதை எழுதும்போது சித்தப்பா உள்ளே அப்பாவோடு காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். இனிமேல் அவருக்கும் தனியாக ஒரு கடிதம் போடு.

உன் அம்மா
சாலம்மாள்