யாரும் பார்க்காத கறுப்புக் காயின்

என் உசிரான அந்தோணிக்கு,

யோவ், அங்கே என்ன வேலையாக இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு இப்படி வந்து உட்கார். உன் மகள் என்ன காரியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறாள் தெரியுமா? உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். இப்போதுதான் மீன் குழம்புச் சட்டியைக் கழுவி வைத்தேன். கை ஈரம் காயவில்லை, பேனா வழுக்குகிறது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

நீ எங்களை விட்டு ஆண்டவரிடம் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. நம்ம ஜெனி இப்போது கன்டெய்னர் யார்டில் லாரிகளுக்கு கேட் என்ட்ரி போடுகிற வேலைக்குப் போகிறாள். நான் அதே கம்பெனியில்தான் இறால் உரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டால் ஜெனியைப் பிடிக்க முடியாது. தெருமுனை கேரம் கிளப்பில் பவுடர் கையோடு நிற்பாள். அதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

நேற்று திருவொற்றியூரில் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம். இதில் ஜெயிக்கிறவளுக்கு மாநில அணியில் இடம். மாநில அணியில் ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலைக்கு எழுதிப்போடலாம். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு ஜெபமே இல்லை. மாதாவே, என் பிள்ளையை ஆசீர்வதியும், ஒரு வேலை கொடும். முழங்கால் தேய அதையே கேட்டேன்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா மகன் கப்பல் கம்பெனியில் சேர்ந்ததும் நன்றித் திருப்பலி வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? மாடி எழுப்பி, வாசலில் பெரிதாகப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். கோயிலில் எல்லோரும், "கடவுள் அந்தக் குடும்பத்த ஆசீர்வதிச்சிட்டாரு" என்றார்கள். நம் வீட்டைப் பார்த்து யாராவது எப்போதாவது அப்படிச் சொன்னதுண்டா? அந்த ஏக்கம் எனக்கு இருந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

நீ சாயங்கால ஜெபத்தில் மலைமேல் இயேசு சொன்ன அந்தப் பகுதியையே திரும்பத் திரும்ப எடுத்து வாசிப்பாய். ஏழைகள், அழுகிறவர்கள், நீதிக்காகப் பசித்திருக்கிறவர்கள், எல்லோரும் பேறுபெற்றவர்கள் என்று வரும். ஒருநாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "யோவ், இந்த லிஸ்ட்ல வேலை கெடச்சவன், வூடு கட்டினவன் ஒருத்தனாச்சும் கீறானா?" என்று கேட்டேன். நீ கண்ணாடியை இறக்கிவிட்டு, "அதான் மேரி, நானும் தேடிக்கினே கீறேன், கெடைக்கல" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹார்பர் குவார்ட்டர்ஸ் உன் பெயருக்கு வந்தபோது, கூட வேலை செய்த குப்புசாமியின் சம்சாரம் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று உன் முறையை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்தாயே, அது நடந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அக்கம்பக்கம் கேட்கத் திட்டினேன். நீ எனக்கு டீ போட்டுக் கொடுத்தாய். குடிக்காமல் கீழே ஊற்றினேன்.

சரி, நேற்றைக்கு வருகிறேன்.

எதிராளி அத்திப்பட்டுப் பெண். பெயர் வெண்ணிலா. ஜெனி வயதுதான் இருக்கும். அப்பாவுக்கு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலையாம். ஒல்லியாக, வெடவெடவென்று இருந்தாள். ஆனால் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் கை இரும்பு மாதிரி நிற்கிறது. ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்றுக்கு, அந்தக் கடைசி போர்டுக்கு, வந்துவிட்டார்கள். நான் பலகைக்குப் பக்கவாட்டில், முதல் வரிசையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன்.

சிவப்புக் காயினை ஜெனி ஏற்கெனவே போட்டுவிட்டாள். அவளுக்கு இன்னும் இரண்டு வெள்ளை. வெண்ணிலாவுக்கு மூன்று கறுப்பு, அதில் ஒன்று பாக்கெட் வாயிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஜெனி குனிந்து அடித்தாள். வெள்ளை வழுக்கிக்கொண்டு போய் எதிர் மூலையில் விழுந்தது. அம்பயர் கண்ணும் அங்கே, கூட்டத்தின் கண்ணும் அங்கே. என் கண் மட்டும் பிள்ளையின் கையில் இருந்தது. அவள் கையை இழுக்கும்போது சுண்டுவிரல் பட்டு அந்தக் கறுப்புக் காயின் நகர்ந்துவிட்டது. ஒரு விரற்கடைகூட இருக்காது. ஆனால் பாக்கெட் வாயை விட்டு ஓரமாக ஒதுங்கிவிட்டது.

கை பட்டால் ஃபவுல். இத்தனை வருஷத்தில் எனக்கே தெரியும்.

யாரும் பார்க்கவில்லை. யோவ், நான் என்ன செய்தேன் என்று சொல்லட்டுமா? மாதாவுக்கு நன்றி சொன்னேன். இதுதான் ஆசீர்வாதம், நான் கேட்டது வந்துவிட்டது என்று நினைத்தேன். ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அம்பயர் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று வேண்டினேன். நம்புவாயா நீ?

ஜெனி அடுத்த அடிக்கு ஸ்ட்ரைக்கரை வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள். தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கையைத் தூக்கிவிட்டாள்.

"சார், என் கை பட்டுச்சு. ஃபவுல்."

அம்பயர் முழித்தார். "நான் பாக்கலியேம்மா."

"பட்டுச்சு சார். அந்தக் கறுப்பு நகந்துருக்கு."

கூட்டம் சலசலத்தது. அவளுடைய கிளப் பையன்கள், "இன்னா ஜெனி, லூசா நீ?" என்று கத்தினார்கள். விழுந்த வெள்ளை திரும்பப் பலகைக்கு வந்தது. அபராதமாக இன்னொன்றும் வந்தது. வெண்ணிலா முறை. மூன்று கறுப்பையும் மூச்சு விடாமல் போட்டுவிட்டாள். முடிந்தது. இடம் போச்சு, வேலை போச்சு.

ரயிலில் கொருக்குப்பேட்டை வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தேன் பார், பெட்டியே திரும்பிப் பார்த்தது. "உங்கப்பன் கணக்காவே வந்து பொறந்துக்கீறியே! யார்டீ கேட்டா உன்ன? கம்முனு இருந்தா இன்னா கொறஞ்சிபூடும்?" ஜெனி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள். "எம்மா, திட்டிக்கோ. ஆனா எனக்கு இன்னாவோ ஜாலியா கீதும்மா. தோத்தா மாதிரியே இல்ல" என்றாள். பொய் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

இன்று காலை நான் பூசைக்குப் போகவில்லை. மாதாவோடு சண்டை. ஜெனி மட்டும் போய்விட்டு வந்தாள். நான் வாங்கி வைத்த வஞ்சிர மீனை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நறுக்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும், வாசலில் நிழல் ஆடியது. பார்த்தால் அந்த வெண்ணிலா! அத்திப்பட்டிலிருந்து ரயில் ஏறி, தெருத்தெருவாக விசாரித்து வந்திருக்கிறாள்.

உள்ளே வந்தவள் உட்காரவே இல்லை. "ஆன்ட்டி, ஜெனி கை பட்டத நானும் பாத்தேன்" என்றாள். எனக்குக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. "நான் சொல்லிருந்தா, தோக்கப்போறவ சாக்கு சொல்றான்னுதான் நெனைப்பாங்க. அதனால வாயத் தொறக்கல. ஆனா அவளே சொன்னா பாருங்க... மெடல கழுத்துல போட்டப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. வூட்ல சோறு எறங்கல." ஜெனி பக்கம் திரும்பி, "உன் கை படறதுக்கு முன்னாடி எப்படி நின்னுச்சோ, அங்கருந்து அந்த போர்ட ஒருவாட்டி ஆடுவோம். இன்னா சொல்ற?" என்றாள்.

ஜெனி துள்ளிக் குதித்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை இழுத்துப் போட்டாள். இரண்டு பேரும் காயின் அடுக்க ஆரம்பித்தார்கள். வெள்ளை இரண்டும் சரி. இரண்டு கறுப்பும் சரி. அந்தக் கடைசிக் கறுப்பில்தான் சண்டை. "இங்க நின்னுச்சு." "இல்லப்பா, இன்னும் உள்ள." "அவ்ளோ உள்ள இருந்தா தானாவே விழுந்துருக்கும்." தள்ளுகிறார்கள், எடுக்கிறார்கள், ஒத்துவரவில்லை.

நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காயின் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடினாலும் தெரியும். சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். சொல்லாமலும் இருக்கலாம், அவர்கள் பாட்டுக்கு எங்கேயாவது வைத்து ஆடிவிட்டுப் போவார்கள். மனசு கேட்கவில்லை, அந்தோணி. எழுந்து போய், மீன் ஈரக் கையோடு அந்தக் காயினை எடுத்து அது நின்ற இடத்தில் வைத்தேன்.

"இங்கதான் நின்னுச்சு. நானும் பாத்தேன்."

வெண்ணிலா வாய் பிளந்து நின்றாள். என் மகளை நிமிர்ந்து பார்க்க எனக்கு தைரியம் இல்லை. அவள் மெதுவாக என் கையைப் பிடித்தாள்.

"தெரியும்மா. எனக்கு ஏதோ பட்டா மாதிரி இருந்துச்சு, ஆனா சரியாத் தெரில. உன்னத் திரும்பிப் பாத்தேன். உன் மூஞ்சி சொல்லிடுச்சி."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது எனக்கு. நான் மறைக்கத் துடித்ததை என் முகமே போட்டுக்கொடுத்திருக்கிறது! வெண்ணிலாவும் சிரிக்க, ஜெனியும் சிரிக்க, ஸ்டெல்லா ஓடிவந்து, "இன்னா மேரி, வேலை கெடச்சிடுச்சா?" என்று கேட்டாள். "கெடைக்கலடி!" என்று நான் கத்தினேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

ஆடினார்கள். உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? நேற்று பாக்கெட்டில் விழுந்த அதே வெள்ளையை இன்று கோட்டைவிட்டாள்! வெண்ணிலா மறுபடியும் மூன்றையும் போட்டு ஜெயித்துவிட்டாள். பலகையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ போன பிறகு இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை.

வேலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கே வந்தாலும் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன். கேட்டுக்கொண்டும் இருப்பேன், பெற்றவள்தானே. ஆனால் நேற்று நான் ஆசீர்வாதம் என்று கையில் இறுக்கிப் பிடித்தது இருக்கிறதே, அது ஒரு திருட்டு. இன்று காலியாக இருக்கிற கையில் எப்படி இவ்வளவு சந்தோஷம்? நீ கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்தபோது உனக்கு இது தெரியுமா? குப்புசாமிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கும் இப்படித்தான் இருந்ததா? ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருப்பாய். நான்தான் டீயைக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துக்கொள்.

அடுத்த மாதம் வெண்ணிலா மாநில அணியில் ஆடப் போகிறாள். அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாது, அப்பாவுக்கு லீவு கிடையாது. கம்பெனியில் சொல்லிவிட்டு, ஜெனியோடு நான் போகப்போகிறேன். அந்தப் பெண் ஒவ்வொரு காயின் போடும்போதும் தொண்டை கிழியக் கத்துவேன். விசில் அடிக்க ஜெனி சொல்லிக்கொடுக்கிறாள், இன்னும் காற்றுதான் வருகிறது, அதற்குள் வந்துவிடும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் பொண்டாட்டி,
நம்ம ஜெனியோட அம்மா,
மேரி
ராயபுரம்